மஞ்ச விளக்குக்கு நாக்கு கிடையாது, மாப்பிள்ளை

மாப்பிள்ளை, கோவிச்சுக்கிடாதிய. மாமனாருக்கு வாயி கொஞ்சம் நீளம்னு நிச்சயதார்த்தம் அன்னைக்கே உங்க அப்பா கண்டுபிடிச்சுட்டாக. நீங்கதான் பொண்ணைப் பாத்த சந்தோஷத்துல கவனிக்கல. நீங்க படிச்சவுக. டெக்சாஸ் ஃபிரிஸ்கோவுல மாடி வீடு, வாசல்ல ரெண்டு காரு, கதவு வழியா தண்ணியும் ஐஸும் குடுக்குத ஃபிரிட்ஜு. நான் ஊர்ல பஞ்சாயத்துத் தொட்டிக்கு ஆபரேட்டரா இருந்து வால்வு திருகினவன். நான் போயி உங்களுக்குத் தண்ணியப் பத்திச் சொல்லலாமா? சொல்லக்கூடாது. அதனாலதான் சொல்லுதேன்.

அந்த ஃபிரிட்ஜுல பச்சையா இருந்த ஃபில்டர் விளக்கு மஞ்சளானதும் நீங்க செல்லை எடுத்து ஃபில்டருக்கு ஆர்டர் போட்ட வேகம் இருக்கே! பேத்தி பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புதப்பக்கூட கார்ச் சாவியைத் தேடிக்கிட்டு நின்னியளாம். நான் சொல்லல. உங்க அத்தை சொல்லுதா.

ஒரே ஒரு கேள்வி கேக்கேன். அந்த விளக்கு என்னைக்காவது ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுப் பாத்துச்சா? அதுக்கு நாக்கு உண்டா, மூக்கு உண்டா? பெட்டியோட வந்த புஸ்தகத்தைப் பேத்தியை விட்டு வாசிக்கச் சொன்னேன். அவ இங்கிலீசுல வாசிச்சுத் தமிழ்ல சொன்னா. உள்ள இருக்கது ஒரு கெடியாரம், மாப்பிள்ளை. ஃபில்டரை மாட்டி பட்டனை அமுக்குன நாள்ல இருந்து ஆறு மாசத்தை எண்ணிக்கிட்டு வருது. முடியப் போவுதுன்னா மஞ்ச, முடிஞ்சா செவப்பு. வேற சில ஃபிரிட்ஜுல எம்புட்டு நேரம் தண்ணி திறந்து விட்டோம்ங்கதை வச்சு காலன் கணக்குப் போடும். அதுவும் எண்ணுததுதான், ருசி பாக்கது இல்ல. நீங்க பயந்தது தண்ணியப் பாத்து இல்ல, தேதியப் பாத்து.

எதிர்த்த வீட்டு மதுரைத் தம்பி உங்களுக்கு நேர் எதிர். "அந்தப் பட்டனை மூணு விநாடி அமுக்குங்க மாமா, பச்சையாயிரும்"னாரு. ஃபில்டரை மாத்த வேண்டாமான்னு கேட்டேன். "விளக்குதான் பச்சையாயிருச்சுல்லா"ன்னு சிரிக்காரு. எங்க பக்கம் தொட்டி கழுவின தேதியும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியும் தொட்டி மேலயே பெயிண்டுல எழுதியிருக்கும். மேல இருந்து ஆளு வருதாகன்னு தெரிஞ்சா, உள்ள எறங்காமலே தேதியை மட்டும் புதுசா எழுதுத கை ஒண்ணு பக்கத்து ஊர்ல இருந்துச்சு. அந்தக் கையும் விசா வாங்கி ஃபிரிஸ்கோ வந்து சேந்துட்டுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

நீங்க விளக்கு சொல்லுததுக்கு முந்தி ஓடுதிய. அவரு விளக்கு வாயைப் பொத்துதாரு. எதுக்கு இந்த ஃபில்டர், நம்ம தண்ணியில இருந்து என்னத்த எடுக்கணும்னு ரெண்டு பேருமே கேக்கல. அதைக் கேட்டுட்டா எப்ப மாத்தணும்ங்கது தானா வந்துரும்.

உள்ள இருக்கது பெரும்பாலும் கரி. தேங்காச் செரட்டையைச் சுட்டுப் பக்குவம் பண்ணுன கரியும் உண்டு. நம்ம காங்கேயம் பக்கம் இருந்து மூட்டை மூட்டையாக் கப்பல் ஏறுத சரக்கு. அமெரிக்காவுக்கு வந்ததும் வெள்ளை டப்பாவுக்குள்ள போயி 50 டாலர் ஆயிருது. சரி, அது யாவாரம். அந்தக் கரிக்கு உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. கல்யாணப் பந்தியில இலை போட்ட மாதிரி தண்ணியில வார வேண்டாதது பலதும் அந்த ஓட்டையில உக்காந்துக்கிடும். ஆனா இந்தப் பந்தியில உக்காந்தவன் எந்திரிக்க மாட்டான். எல்லா இலையும் நெறஞ்சுட்டா அடுத்து வாரவன் நேரா உங்க டம்ளருக்குப் போயிருவான். "கழுவி வெயில்ல காயவச்சு மறுபடி மாட்டலாமே"ன்னு அத்தை கேட்டா. 50 டாலரை ரூபாய்க்கு மாத்திப் பாத்திருக்கா, பாவம். கழுவினாலும் போவாது, காய வச்சாலும் போவாது.

இங்கன இந்தக் கரிக்கு முதல் வேலை குளோரின் வாசத்தை எடுக்கது. எனக்குச் சிரிப்பு வருததும் இதுலதான். 1000 லிட்டருக்கு 4 கிராம்னு பிளீச்சிங் பவுடரை வாளியில கரைச்சு, தெளியவிட்டு, தெளிஞ்ச தண்ணியத் தூக்கிக்கிட்டு ஏணியில ஏறித் தொட்டியில ஊத்துவேன். அரை மணி நேரம் பொறுத்துத்தான் வால்வைத் திறக்கணும். கடைசித் தெருவுக் கடைசிக் குழாயில 0.2 பி.பி.எம். குளோரின் மிச்சம் நிக்கணும். குப்பியில தண்ணி பிடிச்சு மருந்து ரெண்டு சொட்டு விட்டா மஞ்சளா மாறணும். மாறலைன்னா அன்னைக்கு எனக்குப் பேச்சு விழும். அப்படி நான் பாடுபட்டு உள்ள போட்டதை வெளிய எடுக்கத்தான் நீங்க ஆறு மாசத்துக்கு ஒருக்க 50 டாலர் அழுவுதிய. இங்க உள்ளவனும் போடுதான். 4 பி.பி.எம். வரைக்கும் இருக்கலாம்னு அமெரிக்கச் சட்டமே சொல்லுது. வாசம் பிடிக்கலைன்னா எடுத்துக்கிடுங்க, தப்பில்ல. ஆனா அதை எடுக்கதுக்குப் பேரு சுத்தம் இல்ல, ருசி.

எடுத்த பொறகு ஒரு சங்கதி இருக்கு. அதைத்தான் மதுரைத் தம்பி கவனிக்கணும். குளோரின் இருக்க வரைக்கும் தண்ணியில கிருமி பெருகாது. கரி அதை எடுத்துட்டுதுன்னா, அந்த டப்பாவுக்குள்ள நிக்கது காவல் இல்லாத தண்ணி. எப்பவும் ஈரம், ஒட்டிக்கிட இடம். கிருமி குடியேறி வழுவழுன்னு படலம் பிடிக்கதுக்கு வேற என்ன வேணும்? நாள் ஆக ஆக, எடுக்கதுக்குன்னு வச்ச சாமான் குடுக்க ஆரம்பிச்சுரும். அதனால ஆறு மாசம்னு கம்பெனிக்காரன் எழுதுனது முழுக்கப் பை நிரப்புத தந்திரம்னு நினைச்சுக்கிடாதிய. கொஞ்சம் தந்திரம், மீதி நெசம்.

காலன் கணக்கையும் பாத்துருவோம், நீங்க கணக்குப் பிரியர். உங்க ஃபில்டர் 200 காலனுக்குன்னு எழுதியிருக்கு. சிலதுல 170, சிலதுல 300 எழுதியிருக்கும். 200 காலன்னா 757 லிட்டர். ஆறு மாசத்துக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு நாலு லிட்டர் சொச்சம். இந்த வீட்டுல நாலு லிட்டர் யாரு குடிக்கா? நீங்க ஆபீசுல குடிக்கிய. எம் மவ காலையில வெந்நீர், ராத்திரி வெந்நீர், அதுவும் சிங்க் குழாயில பிடிச்சுக் காச்சினது. பேத்தி கையில எப்பவும் ஜூஸ் டப்பா. ஐஸ் கட்டியத் தொட்டா சளி பிடிக்கும்னு உங்க அத்தை தடை போட்டாச்சு. அந்த ஃபில்டர்த் தண்ணிய நம்பிக் குடிக்கது நானும் சன்னல்ல நிக்க கருவேப்பிலைச் செடியும்தான். லிட்டர் கணக்குப்படி பாதிகூட நெறஞ்சிருக்காது. நாள் கணக்குத்தான் நிக்குது. நாலு மாசத்துல, அஞ்சு மாசத்துல மாத்திக் குப்பையில போட்டா கம்பெனிக்காரன் உங்களுக்குச் சிலை வப்பான், வேற லாபம் இல்ல.

ஃபிரிஸ்கோத் தண்ணியப் பத்தி ஒரு சூச்சுமம் சொல்லுதேன், குறிச்சுக்கிடுங்க. நம்ம தெருவுக்குத் தண்ணி குடுக்கது நார்த் டெக்சாஸ் முனிசிபல் வாட்டர் டிஸ்ட்ரிக்ட். லாவன் ஏரி, டெக்சோமா ஏரின்னு பல ஏரித் தண்ணியச் சுத்தம் பண்ணி அனுப்புதாக. வருஷம் பூரா குளோரினோட அம்மோனியாவும் சேத்து குளோரமின்னு போடுவாக. அதுக்கு வாசம் கம்மி, ரொம்ப தூரம் தாங்கும். வருஷத்துக்கு ஒருக்க, வழக்கமா மார்ச்சு மாசம், அம்மோனியாவை நிப்பாட்டிட்டு வெறும் குளோரினை மட்டும் ஒரு மாசம் போல விட்டுக் குழாயெல்லாம் சுத்தம் பண்ணுவாக. அப்ப மூக்கைத் துளைக்கும். போன மார்ச்சுல நீங்க "ஃபில்டர் போச்சு, ஃபில்டர் போச்சு"ன்னு குதிச்சு, மாட்டி ஒரு மாசம் ஆவாத ஃபில்டரைக் கழட்டி எறிஞ்சதா எம் மவ சொன்னா. ஃபில்டர் போவல மாப்பிள்ளை, மார்ச்சு வந்துச்சு. அந்த மாசத்துல வாசத்தை வச்சுத் தீர்ப்புச் சொல்லாதிய. மத்த மாசத்துல, நல்லா இருந்த தண்ணியில திடீர்னு குளோரின் வாசம் தூக்குச்சுன்னா அப்ப மாத்துங்க, விளக்கு பச்சையா இருந்தாலும் சரி.

வேகம் கொறைஞ்சாலும் அதே தான். டம்ளர் நெறைய முன்னைக்கு இப்ப நேரம் ஆவுது, ஐஸ் கட்டி சிறுத்து விழுதுன்னா ஓட்டை அடைஞ்சிருக்கலாம். ஆனா அதுக்கு முந்தி ஃபிரிட்ஜுக்குப் பொறத்தால எட்டிப் பாருங்க. வீடு கூட்டுதப்ப தள்ளின தள்ளுல குழாய் மடங்கியிருக்கும். ஃபில்டரைக் கழட்டிட்டு, பெட்டியோட வந்த அடைப்பு மூடியை மாட்டித் தண்ணி விட்டுப் பாருங்க. வேகமா வந்தா குத்தம் ஃபில்டர் மேல. அப்பவும் சொட்டுச் சொட்டா வந்தா, புது ஃபில்டர் வாங்கிப் பிரயோசனம் இல்ல.

அந்த டி.டி.எஸ். மீட்டரை மட்டும் தயவுபண்ணி உள்ள வச்சுருங்க. ஊர்ல ஆர்.ஓ. விக்க வந்தவன் குடுத்ததை இங்க வரைக்கும் கொண்டாந்திருக்கிய. அது தண்ணியில கரைஞ்ச உப்பைக் காட்டுத கருவி. இந்தக் கரி உப்பைத் தொடவே தொடாது. ஃபில்டருக்கு முன்ன எந்த எண்ணோ பின்னயும் அந்த எண்ணுதான், புதுசா இருந்தாலும் பழசா இருந்தாலும். தாமிரவருணித் தண்ணிக்கே ஆர்.ஓ. மாட்டுன ஊரு நம்ம ஊரு. டி.டி.எஸ். 500-க்குக் கீழ இருந்தா ஆர்.ஓ. எதுக்குன்னு 2019-ல பசுமைத் தீர்ப்பாயமே கேட்டாச்சு. இன்னும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்காக.

இனி சொல்லப்போறது வெளையாட்டு இல்ல. இது உங்க வீட்டுக்கு இல்ல, சிகாகோவுல இருக்கால்லா எம் சின்ன மவ, அவ வீட்டுக்கு.

உங்க வீடு பேத்தி பொறந்த பொறகு கட்டினது. சின்னவ குடியிருக்கது நூறு வருசத்துக் கல்லுக்கட்டு வீடு, கீழ ஒரு குடும்பம், மேல ஒரு குடும்பம். சிகாகோவுல தெருக்குழாயில இருந்து வீட்டுக்கு வார குழாய் ஈயத்துலதான் இருக்கணும்னு நகராட்சிச் சட்டமே சொல்லிக்கிட்டிருந்துச்சு, 1986-ல அமெரிக்க அரசாங்கம் தடை போடுத வரைக்கும். இன்னைக்கும் ஏறக்குறைய 4 லட்சம் ஈயக்குழாய் அந்த ஊரு மண்ணுக்குள்ள கிடக்கு. அமெரிக்காவுல வேற எந்த ஊர்லயும் அம்புட்டு கிடையாது. மிச்சிகன் ஏரித் தண்ணி நல்ல தண்ணிதான். சுத்தம் பண்ணுத எடத்துல இருந்து நல்லாத்தான் கிளம்புது. வீட்டு வாசல்ல அந்தக் குழாய்க்குள்ள ராத்திரி பூரா நின்னு ஈயத்தைக் கரைச்சுக்கிட்டு வருது. ஃபிளிண்ட்ங்க ஊர்ல 2014-ல நடந்ததும் இதுதான். ஏரித் தண்ணிய விட்டுட்டு ஆத்துத் தண்ணிக்கு மாத்தினாக, குழாய் அரிக்காம இருக்கதுக்குப் போட வேண்டிய மருந்தைப் போடல. குழாயில இருந்த ஈயம் வீட்டு டம்ளருக்கு வந்துருச்சு.

ஈயத்துக்கு நெறம் இல்ல, வாசம் இல்ல, ருசி இல்ல. இம்புட்டு நேரம் நான் பெருமை பீத்துன நாக்கும் மூக்கும் அங்க செல்லாது. கரி நெறஞ்சுட்டுதா இல்லையான்னு குடிச்சுப் பாத்துச் சொல்ல ஆளே கிடையாது. அங்க தேதிதான் சட்டம். மஞ்சளானதும் வாங்கி வைக்கணும், செவப்பாவுத வரைக்கும் இழுக்கக்கூடாது. ஆறு மாசத்துக்கு முந்தியே காலன் கணக்கு நெறஞ்சா அன்னைக்கே மாத்தணும். உங்க ஓட்டத்தை அங்க போயி ஓடுங்க மாப்பிள்ளை, கைதட்டுதேன்.

இன்னொண்ணையும் அவகிட்டச் சொல்லுங்க. ஃபிரிட்ஜுத் தண்ணிக்கு மட்டும் ஃபில்டர் போட்டுட்டு, சோறு வடிக்கவும் சாம்பார் வைக்கவும் கைக்குழந்தைக்குப் பால் கலக்கவும் சிங்க் குழாயில பிடிச்சா என்ன பிரயோசனம்? காச்சினா ஈயம் போவாது. தண்ணி ஆவியாப் போக, ஈயம் தங்கி இன்னும் கெட்டியாயிரும். சமையலுக்கும் ஃபில்டர்த் தண்ணிதான் வேணும். வெந்நீர்க் குழாயில பிடிச்சு வாயில வைக்கவே கூடாது. காலையில எந்திரிச்சதும் அஞ்சு நிமிசம் குழாயைத் திறந்து விட்டுட்டுப் பொறகு பிடிக்கணும். 311-க்குப் போன் போட்டா நகராட்சியே சோதனைக் குப்பி இலவசமாக் குடுக்கும். பச்சப்புள்ளைக்கு இம்புட்டு ஈயம் வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது.

வாங்குதப்ப டப்பாவுல என்.எஸ்.எஃப்.ங்க தரச் சான்று நம்பரைப் பாக்கணும். படத்துல இருக்க அருவியப் பாக்கக்கூடாது. என்.எஸ்.எஃப். 42-ன்னா வாசம், ருசி. 53-ன்னா உடம்புக்குக் கெடுதி பண்ணுத சாமான். அதுலயும் ஈயம்னு பேரைச் சொல்லி எழுதியிருக்கணும், ஏன்னா 53 வாங்குன எல்லா ஃபில்டரும் ஈயத்துக்குப் பரீட்சை எழுதினது இல்ல. 401-ன்னா மருந்து மாத்திரை மிச்சம், பூச்சிமருந்து மிச்சம் மாதிரிச் சங்கதி. இதெல்லாம் நேர்மை. இப்ப கள்ளத்தனத்தைப் பாருங்க. 15 டாலருக்கு மூணுன்னு விக்கான்லா, அதுல சிலதுல "42, 372"ன்னு கொட்டை எழுத்துல போட்டுப் பக்கத்துல ஈயம்னும் எழுதியிருக்கும். 372-ன்னா அந்த டப்பா செஞ்ச சாமான்ல ஈயம் இல்லைன்னு அர்த்தம். தண்ணியில இருக்க ஈயத்தை எடுக்கும்னு அர்த்தம் இல்ல. படிச்சவுகளும் இதுல விழுதாக. நான் யாரையும் சொல்லல, போன வருஷம் மூணு டப்பா வந்து இறங்குச்சேங்கதை நினைச்சுச் சொன்னேன்.

வேற கம்பெனி ஃபில்டர்னாலே மோசம்னும் சொல்ல மாட்டேன். நம்பர் சரியா இருந்து, என்.எஸ்.எஃப். பட்டியல்ல அந்த மாடல் பேரும் இருந்தா தாராளமா வாங்கலாம். பட்டியல்ல இல்லாதது எம்புட்டு மலிவா இருந்தாலும் வேண்டாம். பெரிய கம்பெனி பேரையே ஒட்டி வந்த போலி ஃபில்டரைத் துறைமுகத்துல சுங்கக்காரங்க கட்டுக்கட்டாப் பிடிச்சிருக்காக. சில ஃபிரிட்ஜுல ஃபில்டருக்குள்ள ஒரு சில்லு வச்சிருக்கான். வேற கம்பெனியோடதை மாட்டினா தண்ணியே விடாது. தண்ணி குடிக்க வந்தவன்கிட்ட ரேஷன் கார்டு கேக்குத ஃபிரிட்ஜை நான் இங்கதான் பாத்தேன்.

நீங்க நாளைக்கு வேற ஊருக்கு, கெணத்துத் தண்ணி வீட்டுக்குக் குடி போனியன்னா நான் சொன்ன அம்புட்டும் மாறிரும். அமெரிக்காவுல 4 கோடிப் பேருக்கு மேல சொந்தக் கெணத்துத் தண்ணிதான் குடிக்காக. அதுல குளோரின் போட ஒரு ஆபரேட்டரும் கிடையாது. அந்தத் தண்ணியச் சோதிச்சுப் பாக்காம இந்தக் கரியை நம்பினா மோசம் போயிருவிய. இது கிருமி கொல்லுத சாமான் இல்லைன்னு புஸ்தகத்துலயே எழுதியிருக்கு.

சரி, தீர்ப்புக்கு வாரேன். இப்ப மாட்டியிருக்கதை நீங்க மாட்டினது ஜூலை 4 பட்டாசு வெடிச்ச மறுநாள். இப்ப டிசம்பர் பொறந்திருக்கு. வாசம் இல்ல, வேகமும் கொறையல. இந்த மாசம் பாதியில எல்லாரும் ஊருக்குக் கிளம்புதோம், பொங்கலுக்கு முந்தி நீங்க திரும்பிருவிய. இன்னைக்குப் புதுசை மாட்டினா அது ஒரு மாசம் ஆளில்லாத வீட்டுல நின்ன தண்ணியில ஊறிக்கிட்டுக் கிடக்கும். வாங்கினது டப்பாவுக்குள்ளயே காஞ்சு கிடக்கட்டும். வந்து பழசைக் கழட்டி எறிஞ்சுட்டு மாட்டுங்க. மொதல்ல வார தண்ணி கருப்பாத் தூள் தூளா வரும், பயந்து போன் போடாதிய. நாலு காலன் பிடிச்சுக் கருவேப்பிலைச் செடிக்கு ஊத்துங்க, முதல் தடவை விழுத ஐஸைக் கொட்டுங்க. மார்க்கர் பேனாவால மாட்டின தேதியை ஃபில்டர் மேலயே எழுதுங்க. மதுரைத் தம்பிகிட்டயும் ஒரு மார்க்கர் குடுங்க, ஆனா அவரு எழுதுதப்ப பக்கத்துல நின்னு பாருங்க.

சின்னவ வீட்டு ஃபில்டர் போன சித்திரையில மாட்டினது. ஏழு மாசம் தாண்டிட்டு. அவ ஃபிரிட்ஜு மாடல் என்னன்னு கேட்டு, 53 போட்டு ஈயம்னு எழுதினதாப் பாத்து, இன்னைக்கு ராத்திரியே ஆர்டர் போட்டுருங்க மாப்பிள்ளை.